230, 231: யார் கெட்டிக்காரர்?

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 231. நம்ம பிள்ளைக்கு 230. அப்போ அந்தப் பிள்ளைதான் கெட்டிக்காரரா?

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் முன்பு இருந்தது டி-ஸ்கோர். மாணவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டது. ஒரு புள்ளியில்கூட உயர்நிலைப் பள்ளி இடம் கைநழுவலாம்.

2021இல் அது மாறியது. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 8 அடைவுநிலைகள். 4 பாடங்களையும் கூட்டினால் 4 முதல் 32 வரை. குறைந்தால் நல்லது.

கோடு எங்கே?

90க்கு முதல் நிலை. 89க்கு 2ஆம் நிலை. ஆனால் 98க்கும் 90க்கும் ஒரே நிலை! எங்கே கோடு போட்டாலும் ஓரத்தில் ஒரு பிள்ளை நிற்கும்.

கூட்டினால் சரியா?

தமிழில் 1, கணிதத்தில் 3. இன்னொருவருக்கு நேர்மாறு. கூட்டுத்தொகை ஒன்று, பிள்ளைகள் வேறு.

கூட்டுத்தொகை சமமாகி, கடைசி இடத்துக்குப் போட்டி வந்தால்? முதலில் குடியுரிமை, அடுத்து பள்ளியின் விருப்ப வரிசை, அதன்பிறகு கணினிக் குலுக்கல்.

பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி?

ஒன்று வீட்டுக்குப் பக்கம். மற்றதில் பிடித்த இணைப்பாட நடவடிக்கை. எது மேல்னு சொல்ல முடியலையா?

இரண்டும் சமம் என்று முடிவுகட்ட வேண்டாம். சமமாக இருந்தால், ஒன்றுக்குப் பயண நேரம் 5 நிமிடம் குறைந்தாலே அது முந்திவிடும். அப்போதும் குழப்பம் தீரவில்லையா? இரண்டையும் அளக்க ஒரே அளவுகோல் இல்லை என்று அர்த்தம்.

அப்போ கணக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையிடமே கேளுங்கள்: "உனக்கு எங்கே போகணும்?"