கல்லட்டியில் ஏறலாம், இறங்கக் கூடாது... ஏன்? மலைப்பாதை போர்டுகள் யாரைக் காப்பாற்றுகின்றன?

வார இறுதிக்கு ஊட்டி வருகிறவர்களில் பலர் அடுத்த நாள் மசினகுடி, முதுமலை என்று கிளம்புவார்கள். மொபைல் மேப்பில் பார்த்தால் இரண்டு வழி. கூடலூர் சுற்றிப் போனால் தெப்பக்காடு சுமார் 67 கிலோமீட்டர். கல்லட்டி வழியாக இறங்கினால் சுமார் 36 கிலோமீட்டர்தான். ‘கிட்டத்தட்ட பாதி தூரம் மிச்சமாச்சே’ என்று வண்டியைத் திருப்பினால், தலைக்குந்தா சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்துவார். வெளியூர் பதிவெண் கொண்ட வண்டிகள் கல்லட்டி மலைப்பாதையில் கீழே இறங்க அனுமதி இல்லை. ‘டி.என். 43’ என்ற நீலகிரி பதிவெண் இருந்தால் இறங்கலாம். மசினகுடியிலிருந்து மேலே ஏறி வர வெளியூர்காரர்களுக்கும் தடை இல்லை.

‘நான் பத்து வருஷமா வண்டி ஓட்டுறேன், எனக்கு எதுக்கு இந்தத் தடை?’ என்று அங்கே வாக்குவாதம் நடப்பது சகஜம். ஏறலாம், இறங்கக் கூடாது என்ற விதி வினோதமாகத்தான் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது, தெளிவான இயற்பியலும் இருக்கிறது.

2018-ல் என்ன நடந்தது?

2018 அக்டோபர் தொடக்கம். சென்னையிலிருந்து சுற்றுலா வந்த ஏழு பேர் ஊட்டியில் தங்கியிருந்த விடுதியிலிருந்து காரில் மசினகுடி பக்கம் கிளம்பினார்கள். அதன் பிறகு அவர்களைப் பற்றித் தகவல் இல்லை. தேடுதல் தொடங்கி, இரண்டு நாள் கழித்துத்தான் கல்லட்டிப் பாதையின் 35-வது கொண்டை ஊசி வளைவுக்கு அருகே பள்ளத்தில் நொறுங்கிக் கிடந்த கார் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்து பேர் இறந்திருந்தார்கள். இரண்டு பேர் அந்தக் காருக்குள்ளேயே சிக்கி உயிரோடு இருந்தார்கள்.

அந்த இரண்டு நாளும் மேலே சாலையில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் பள்ளத்தில் கிடந்தவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. மலைப்பாதை அப்படித்தான். சில மீட்டர் தள்ளி இருப்பதைக்கூட வளைவும் புதரும் மூடுபனியும் மறைத்துவிடும்.

இந்த விபத்துக்குப் பிறகுதான் வெளியூர் வண்டிகள் கல்லட்டியில் இறங்குவதற்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது.

36 வளைவுகள்... இறங்கும்போது என்ன ஆகிறது?

மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டியில் 36. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மசினகுடி அதைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் கீழே இருக்கிறது.

ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த உயரத்தை இறங்கும்போது வெளியாகும் ஆற்றலைக் கணக்குப் போட்டால் சுமார் 1.7 கோடி ஜூல் வரும். புரியும்படி சொன்னால், 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் எங்கே போகும்? டிரைவர் பிரேக்கை மட்டுமே நம்பினால், மொத்தச் சூடும் நான்கு சக்கரங்களில் இருக்கும் பிரேக்குகளுக்குத்தான் போகும்.

பிரேக் பேடு ஓரளவுக்கு மேல் சூடானால் அதன் பிடிமானம் குறையும். அடுத்து பிரேக் ஆயில். பரவலாகப் பயன்படும் டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். அது கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உருவாகும். திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

‘பிரேக் பிடிக்கல சார்’ என்று விபத்துக்குப் பிறகு சொல்லப்படும் வாக்கியம் பல நேரம் பொய் இல்லை. ஆனால் அந்த பிரேக் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்திருக்கும். இறங்கும் வழியில் மிதித்து மிதித்துச் சூடேற்றியதுதான் கோளாறு.

‘செகண்ட் கியர்’ போர்டு சொல்வது என்ன?

மலைப்பாதையில் ‘இரண்டாவது கியரில் செல்லவும்’ என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது ஏதோ புதிதாக ஓட்டுபவர்களுக்கான அறிவுரை போலத் தெரியும். உண்மையில் அது பிரேக்கின் வேலையில் பெரும் பங்கை எஞ்சினிடம் கொடுக்கச் சொல்லும் போர்டு. கியர் குறைவாக இருக்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே எஞ்சின் சக்கரங்களைப் பிடித்து இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். எந்த கியரில் ஒரு மேட்டை ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலை டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் இந்தப் பிடி மொத்தமாகப் போய்விடும். எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். சில முறை மிதித்ததும் பிரேக் கல் மாதிரி இறுகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் ‘டி’-யில் போட்டுவிட்டு இறங்குவதும் வழக்கமான தவறு. ‘எல்’ அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றி கியரைக் குறைக்க வேண்டும். மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும். ஆனால் ஊட்டியிலேயே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டால், அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டார் தரும் பிடியும் குறையும். மலை உச்சியில் முழுச் சார்ஜ் போடாமல் இருப்பதே நல்லது.

ஏறுகிற வண்டிக்கு ஏன் முதலிடம்?

எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் தாராளமாகக் கடக்க முடியாத மலைச் சாலையில், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது மரியாதைக்காகச் செய்வது இல்லை, இந்தியச் சாலை விதிகளில் உள்ள சட்டம்.

காரணம் எளிது. சரிவில் பாரத்தோடு ஏறும் பஸ்ஸோ லாரியோ நின்றுவிட்டால், மறுபடி நகரும் முன் பின்னால் உருளும். அதன் பின்னால் ஒரு பைக் நின்றுகொண்டிருக்கலாம். கொண்டை ஊசி வளைவில் நீளமான பஸ் திரும்ப சாலையின் முழு அகலமும் தேவைப்படும். இறங்குகிற கார் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றால் பத்து விநாடியில் இரண்டும் கடந்துவிடும். ‘முதல்ல நான் போயிடுறேன்’ என்று மூக்கை நுழைத்தால் இரண்டு பக்கமும் அரை மணி நேரம் அடைப்பு. அது அதிர்ஷ்டம் இருந்தால். இல்லாவிட்டால் மோதல்.

வேகமும் சேர்ந்துகொண்டால் கணக்கு இன்னும் கடுமை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 11 மீட்டர் போகும். ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போகவே ஒரு விநாடி ஆகிவிடும். பல வளைவுகளில் கண்ணுக்குத் தெரியும் தூரமே அவ்வளவுதான்.

வளைவுக்கு அப்பால் யார்?

போர்டை மீறுகிற பலர் மனதில் ஓடுவது ஒன்றுதான். ‘என் வண்டி, என் ரிஸ்க்.’ அந்த எண்ணம்தான் தவறு.

நீலகிரிச் சாலையில் வளைவின் மறுபக்கம் கூட்டமாக ஏறி வரும் அரசு பஸ் இருக்கலாம். பச்சைத் தேயிலை மூட்டையோ கேரட் மூட்டையோ ஏற்றிய லாரி இருக்கலாம். வேலை முடிந்து சாலை ஓரமாகவே நடந்து வரும் எஸ்டேட் தொழிலாளர்களும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் இருக்கலாம். பல இடங்களில் அவர்களுக்கு நடைபாதை கிடையாது. காட்டுமாடு நிற்கலாம். பலாப்பழ சீசனில் பர்லியாறு பக்கம் யானைகள் சாலைக்கே வரும். மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம் மக்களுக்கு ஊட்டியிலுள்ள அரசு அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக கல்லட்டிதான் பக்கத்து வழி. சுற்றுலா வருகிறவருக்கு அது ஒருநாள் த்ரில். அவர்களுக்கு அது அன்றாடப் பாதை.

கடலிலும் இதே போர்டு உண்டு

கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்காக வைக்கப்படும் எச்சரிக்கை கடலிலும் இருக்கிறது. ஸ்கூபா டைவர்கள் நீருக்கடியில் இருக்கும்போது மேலே ஒரு கொடி பறக்கும். சிவப்புத் துணியில் குறுக்கே வெள்ளைப் பட்டை போட்டது ஒரு வகை. வெள்ளையும் நீலமுமாக இருக்கும் சர்வதேச ‘ஏ’ கொடி இன்னொரு வகை. ‘கீழே ஆள் இருக்கிறார், விலகி மெதுவாகப் போ’ என்பது அதன் பொருள். அமெரிக்காவின் புளோரிடாவில், திறந்த நீர்ப்பரப்பில் இந்தக் கொடியிலிருந்து 300 அடிக்குள் வரும் படகு, நகர்வதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம்.

மதிக்காவிட்டால் என்ன ஆகும்? 2000 டிசம்பர் 18-ம் தேதி மெக்சிகோவின் கொசுமெல் தீவு அருகே பிரிட்டிஷ் பாடகி கிர்ஸ்டி மெக்கால் தன் இரண்டு மகன்களோடு டைவிங் முடித்து மேலே வந்தார். வேகப் படகுகள் வரக் கூடாத பகுதி அது. ஆனாலும் ஒரு படகு சீறி வந்தது. மகனைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றிய அவர், படகு மோதி அங்கேயே இறந்தார். படகில் இருந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. எல்லையை மீறியது ஒருவர், விலை கொடுத்தது இன்னொருவர்.

மீறினால் சட்டம் என்ன செய்யும்?

மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவின்படி அதிவேகத்துக்கு இலகு ரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. 184-வது பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது. முதல் முறையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

நீலகிரிக்கு வரும் வண்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடை சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. எத்தனை வண்டி வருகிறது என்பதை இ-பாஸ் சொல்லும். ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு மலையில் இறங்கத் தெரியுமா என்பதைச் சொல்லாது.

கல்லட்டியைத் தவிர்த்துவிட்டால் ஆபத்து இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2023 செப்டம்பர் 30-ம் தேதி ஊட்டி சுற்றுலா முடிந்து தென்காசி மாவட்டத்துக்குத் திரும்பிய பஸ், குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்ததில் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள்.

இறங்கும் முன் கவனிக்க வேண்டியவை

• கிளம்பும் முன் பிரேக் ஆயில், பேடு, டயர் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

• சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். வேகம் பிடித்த பிறகு குறைப்பது கஷ்டம்.

• பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். தேவைப்படும்போது உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள்.

• கருகிய வாசனை வந்தாலோ பெடல் ஆழமாகப் போனாலோ, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி பிரேக் ஆறும்வரை காத்திருங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

• பார்வை மறைக்கும் வளைவுகளில் ஹாரன் அடியுங்கள், இடது ஓரத்தை விடாதீர்கள், முந்தாதீர்கள். யானையோ காட்டுமாடோ நின்றால் ஹாரன் வேண்டாம். தூரத்திலேயே நின்று அது போகும்வரை பொறுங்கள்.

• மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோ பீம் போதும்.

• ஏறி வரும் வண்டி தெரிந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள்.

தலைக்குந்தாவில் திருப்பி அனுப்பப்படும் காருக்குக் கூடுதலாக ஆவது சுமார் 30 கிலோமீட்டரும் ஒரு மணி நேரமும்தான். அந்த நேரத்தில் கல்லட்டியின் ஏதோ ஒரு வளைவில் மசினகுடிக்காரர் ஒருவர் பைக்கில் ஏறி வந்துகொண்டிருப்பார். எதிரே பிரேக் சூடேறிய ஒரு வண்டி குறைந்திருப்பது அவருக்குத் தெரியாமலேகூட இருக்கலாம். அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்வதற்காகத்தான் அந்தச் சோதனைச் சாவடி அங்கே நிற்கிறது.