எச்.ஐ.வி. பராமரிப்பு: தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் ஆய்வு முன்னுரிமைகள்

எச்.ஐ.வி. பராமரிப்பு ஆய்வு என்பது, கைவசம் உள்ள பரிசோதனையும் மருந்தும் தேவைப்படுவோரை எவ்வாறு சென்றடைகின்றன, எங்கே தடைபடுகின்றன என்பதை ஆராய்வதாகும். கேரள எல்லையை ஒட்டிய தேனி மாவட்டமும் அதன் கம்பம் பள்ளத்தாக்கும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

பின்னணி

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் அதை வெளிக்கொணர்ந்தன. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. முன்கூட்டியே சிகிச்சை பெறுவோரிடமிருந்து இணையருக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று, சென்னையும் பங்கேற்ற ஒரு பன்னாட்டு ஆய்வு 2011-இல் காட்டியது. 2017 முதல், தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை என்பது இந்தியாவின் கொள்கை. எனவே இன்றைய முதன்மைக் கேள்வி, மருந்தை இடைவிடாமல் பெற முடிகிறதா என்பதே.

உள்ளூர்ச் சூழல்

பள்ளத்தாக்கின் கூலித் தொழிலாளர்கள் பலர் விடியற்காலையில் ஜீப்புகளில் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் உள்ளது, கம்பத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மருந்து வாங்க அங்கு சென்றுவர ஒரு நாள் கூலி போகும். அடிக்கடி விடுப்பு எடுத்தால் காரணமும் கேட்கப்படும்.

முன்னுரிமைக் கேள்விகள்

1. விடுபட்டோர்: நம்பிக்கை மையத்தில் தொற்று உறுதியானவர்களில் யார் சிகிச்சைக்கு வரவில்லை, யார் பாதியில் நிறுத்துகின்றனர்? பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், கணவரை இழந்த பெண்கள் ஆகியோரின் தடைகள் ஒன்றல்ல.

2. மருந்து வழங்கும் முறை: உடல்நிலை சீராக உள்ளோருக்கு 3 முதல் 6 மாத மருந்தை ஒருசேர வழங்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு இது எவ்வளவு பயன் தரும்? மாலை நேர மையம் உதவுமா?

3. மாநில எல்லை: மலையில் தங்கி வேலை செய்யும் காலத்தில் சிகிச்சை அறுபடாமல் இருக்கத் தமிழ்நாட்டு, கேரள மையங்கள் எவ்வாறு ஒருங்கிணையலாம்?

4. காசநோய்: எச்.ஐ.வி. உள்ளோரின் இறப்புக்கு இதுவே முதன்மைக் காரணம். நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகளில் அதை முன்கூட்டியே கண்டறிவது எப்படி?

5. களங்கம்: ஊரார் பார்வைக்கு அஞ்சி, அருகிலுள்ள மையத்தை விட்டுத் தொலைவிலுள்ளதை நாடுவோர் எத்தனை பேர்? அவ்வாறெனில், மையங்களைப் பெருக்குவது மட்டும் தீர்வாகாது.

ஆய்வு நெறிமுறை

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. விவரம் அறிந்து தரும் ஒப்புதலின்றிப் பரிசோதனையோ ஆய்வோ செய்வதை அது தடுக்கிறது. சிற்றூரில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. தெரு, தொழில், வயது ஆகிய மூன்றே ஒருவரை அடையாளம் காட்டிவிடும். எனவே எதைக் கேட்பது, எதை வெளியிடுவது என்பதைத் தொற்றுடன் வாழ்வோரும் சேர்ந்து முடிவு செய்வது, இத்தகைய ஆய்வின் முதல் படியாக வேண்டும்.