வளைந்து வளைந்து உடைந்தவை

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் எஸ்.யூ.வி.யின் டயர் விநாடிக்கு ஏறக்குறைய 12 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒவ்வோர் இடமும் தரையில் அழுந்தித் தட்டையாகி, மறுபடி வளைகிறது. கையிலிருந்து விட்ட ரப்பர் பந்து விட்ட உயரத்துக்கு எழும்பாதல்லவா? இழந்த ஆற்றல் பெரும்பாலும் சூடாகப் போய்விடுகிறது. டயரிலும் அதே கணக்குதான். காற்று குறையக் குறைய டயர் கூடுதலாக அழுந்தும், சூடும் ஏறும்.

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் கதை இந்தச் சூட்டில்தான் இருக்கிறது. 1990-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வண்டி. அதில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்களுக்கு ஃபோர்டு சொன்ன காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டுதான்.

அந்த டயரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், மேல்பட்டைக்கு அடியில் எஃகுக் கம்பி ஓடும் இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவற்றின் விளிம்புகளுக்கு நடுவே மெல்லிய ரப்பர் ஆப்பு. டயர் வளையும்போதெல்லாம் இழுபடுவது அதுதான். முடியளவு விரிசல் அங்கே பிறந்து, விளிம்போரமாக நீண்டு, மெல்ல உள்ளே இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் நெடுஞ்சாலையில் மேல்பட்டை மொத்தமாக உரியும்; உயரமான வண்டி தடுமாறி உருளும். அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களிலிருந்தே புகார்கள் மிகுதியாக வந்தன.

2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்த டயர்கள் பறித்த உயிர்கள் அரசின் கணக்கில் 271. இந்த எண்ணை வேகமாகக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

அதே ஆண்டு நவம்பரில் ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி, 2007 செப்டம்பர் முதல் அமெரிக்க விற்பனைக்காகத் தயாரான புதுக் கார்கள் எல்லாவற்றிலும் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. காற்று இறங்கினால் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒளிரும் ஆச்சரியக்குறியைச் சுற்றியிருப்பது, குறுக்கே வெட்டிய டயரின் படம்தான்!

டயர்கள் மாறின, எக்ஸ்ப்ளோரரும் தலைமுறை தாண்டியது. 2021-இல் 2013–17 மாடல்களில் சுமார் 7.7 லட்சம் வண்டிகளுக்கு மறுபடி அழைப்பு. இம்முறை குறை, பின்சக்கரத்தின் திசையைப் பிடித்துவைக்கும் எஃகுத் தண்டில். பக்கத்து மூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டால், அது தாங்க வேண்டிய அசைவைத் தண்டு தாங்குகிறது. பள்ளம்தோறும் வளைந்து வளைந்து, ஒருநாள் ஒடிகிறது. இதற்கு டாஷ்போர்டில் விளக்கு கிடையாது. பின்பக்கம் ‘டக்’கென்று ஓசை கேட்கலாம், வண்டியின் போக்கு வழக்கம்போல் இல்லாமல் போகலாம்.