டிராக்டர் பின்சக்கர ரிம்மில் துரு: ஒட்டுப் போடலாமா, மாற்ற வேண்டுமா?

சேற்றுழவுக்குப் போய் வரும் பழைய டிராக்டர்களில், எஞ்சின் நல்ல நிலையில் இருக்கும்போதே பின்சக்கர ரிம் துருவேறி ஓட்டை விழுவதைப் பல ஊர்களில் காணலாம். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும். ஆனால் துரு டயருக்குள் மறைந்திருக்கும் பக்கத்தில்தான் தொடங்குகிறது. வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரிந்தால், உள்ளே அதைவிடப் பெரிய இடம் அரித்துப் போயிருக்கும் என்றே கொள்ள வேண்டும்.

இதற்கு முக்கியக் காரணம் பாரத்துக்காக டியூபில் நிரப்பும் தண்ணீர். வால்வை மேலே நிறுத்தி, அந்த மட்டம் வரை நிரப்பினால் டியூபில் முக்கால் பங்கு நீர் சேரும். 12.4-28 அளவு டயரில் இது சுமார் 150 லிட்டர். அதாவது ஒரு சக்கரத்துக்கு 150 கிலோ கூடுதல் பாரம். டியூப் நல்ல நிலையில் உள்ளவரை இந்த நீர் இரும்பைத் தொடாது. வால்வின் அடியில் கசிவு ஏற்பட்டால் டியூபுக்கும் ரிம்முக்கும் இடையே நீர் தங்கி, மாதக்கணக்கில் காயாமல் நிற்கும். உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ள ஊர்களில் அரிப்பு இன்னும் வேகமாகும். பனி உறையும் நாடுகளில் நீர் கட்டியாகாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். அது இரும்பை மிகவும் அரிக்கும்; நம் ஊருக்குத் தேவையும் இல்லை. வயல் சேறும் உரம் கலந்த நீரும் வால்வுத் துளை வழியாக உள்ளே புகுவது இன்னொரு காரணம்.

ஆகவே சோதனையை வால்வுத் துளையிலிருந்தே தொடங்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிவிட்டு, சிறு சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்க்கலாம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும், சில சமயம் குழியும். அடுத்து, டிஸ்க்கைப் பிணைப்பதற்காக ரிம்மின் உள்வட்டத்தில் பற்றவைத்துள்ள காதுகளின் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும். டயரின் கம்பி விளிம்பு உட்காரும் ஓரப் பகுதியை டயரைக் கழற்றிய பிறகே பார்க்க முடியும். பழைய டிராக்டர் விலைக்கு வாங்குவோர், ரிம்மில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் சற்றுச் சந்தேகத்துடன் பார்ப்பது நல்லது.

ஓட்டை வால்வைச் சுற்றி, ரிம்மின் நடுப்பள்ளத்தில் மட்டும் இருந்து, சுற்றியுள்ள தகடு கனமாக இருந்தால் ஒட்டுப் போடலாம். டயர் விளிம்பு உட்காரும் இடம் அரித்திருந்தாலோ, காதுகளில் விரிசல் கண்டிருந்தாலோ, ரிம் வட்டம் கோணியிருந்தாலோ மாற்றுவதே முறை. அங்கே வெல்டிங் வைத்துச் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பது, பாரம் ஏற்றிச் சாலையில் போகும் வண்டிக்கு ஏற்ற சிக்கனம் அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் எக்காரணம் கொண்டும் வெல்டிங் வைக்கக் கூடாது. காற்றை இறக்கிவிட்டோம், வால்வு ஊசியையும் எடுத்துவிட்டோம் என்பது போதாது. சூட்டில் ரப்பர் கருகி, எரியும் வாயு உள்ளே சேர்ந்து, டயர் குண்டு போல் வெடிக்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. டயரை ரிம்மிலிருந்து முழுவதும் கழற்றி அப்பால் வைத்த பிறகே நெருப்புக் காட்ட வேண்டும். பட்டறைக்காரர் அவசரப்பட்டாலும் டிராக்டர் உரிமையாளர் இதில் விட்டுக் கொடுக்கக் கூடாது. பின் டயரில் 12 பவுண்டு காற்றுத்தானே என்று அலட்சியமும் வேண்டாம். ஒரு சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு என்றால், ஒரு சதுர அடிப் பரப்பின் மேல் 780 கிலோவுக்கும் அதிகமான அழுத்தம் ஆகிறது.

சக்கரத்தைக் கழற்றும் இடம் சமமான, கெட்டித் தரையாக இருக்கட்டும். கியரில் நிறுத்தினால் வண்டி நகராது என்று நம்பக் கூடாது. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், டிஃபரன்ஷியல் காரணமாக அது தனியே சுழலும்; கியரின் பிடி போய்விடும். முன்சக்கரங்களுக்கும் தரையிலுள்ள பின்சக்கரத்துக்கும் இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஊசலாடுவதால் வண்டி ஒரு பக்கம் சாயும். ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடையில் இருபக்கமும் மர ஆப்பு இறுக்குவது அவசியம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக் கொள்ளவும். தூக்கிய பிறகு ஜாக்கியை மட்டும் நம்பாமல், ஆக்சில் ஹவுசிங்கின் அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்க வேண்டும். வால்வைக் கீழே கொண்டுவந்து தண்ணீரை வடித்தாலும், டயரின் அடிப்பகுதியில் கொஞ்சம் தங்கிவிடும். எனவே சக்கரம் நினைத்ததைவிடக் கனக்கும். கழற்றியதைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்க வைக்கவும்.

ஒட்டுப் போடும்போது ஓட்டையின் மேல் தகட்டை அப்படியே மூடிப் பற்றவைப்பது வீண் வேலை. இரு தகடுகளுக்கும் நடுவே துரு தொடரும். அரித்த பகுதியைப் பளபளக்கும் இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை வளைத்து இடத்தில் பொருத்தி, இருபுறமும் பற்றவைக்க வேண்டும். உட்புறம் வெல்டிங் மேட்டைக் கிரைண்டரால் விரல் வழுக்கும்படி தேய்க்காவிட்டால் டியூப் அறுந்துவிடும். வால்வுத் துளையை முன்பிருந்த அளவிலேயே போட்டு, ஓரத்தை மழுக்கவும். பிறகு ரெட் ஆக்ஸைடு, அது காய்ந்ததும் எனாமல்.

மாற்றுவதாக இருந்தால் டிஸ்க்கையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பதில்லை. மாஸி பெர்குசன் 1035 போல, சக்கர அகலத்தை மாற்றியமைக்கும் வகையில் டிஸ்க்கும் ரிம்மும் தனித்தனியாகப் போல்ட் செய்த வண்டிகளில், டிஸ்க் நன்றாக இருந்தால் ரிம் மட்டும் போதும். 12.4-28 டயருக்குப் பெரும்பாலும் டபிள்யூ 11-28 ரிம்மும், 13.6-28 டயருக்கு டபிள்யூ 12-28 ரிம்மும் பொருந்தும். பழைய டயர்களில் 12.4/11-28 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த 11 டயரின் பழைய அளவுப் பெயரே. பழைய இரும்புக் கடையில் ரிம் எடுப்போர் அளவு எண்ணோடு, காதுகளின் எண்ணிக்கை, இடைவெளி, அவை ஓரத்திலிருந்து இருக்கும் தூரம் ஆகியவற்றையும் நம் ரிம்மோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

டயரை மாட்டும்போது விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவலாம். கிரீஸும் ஆயிலும் ரப்பரைக் கெடுக்கும். விளிம்பு உட்காருவதற்காக 35 பவுண்டுக்கு மேல் காற்று ஏற்றக் கூடாது. அதற்குள் உட்காராவிட்டால் காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தடவி முயல வேண்டும். நீளமான ஹோஸ் போட்டு, சற்றுத் தள்ளி நின்றே காற்றுப் பிடிக்கவும். பிறகு வேலைக்குரிய அளவுக்குக் காற்றைக் குறைக்க வேண்டும். நட்டுகளை ஒரே வரிசையாக இல்லாமல் எதிரெதிராக முறுக்கி, முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஒருமுறையும், முதல் நாள் வேலை முடிந்ததும் மறுமுறையும் இறுக்கிப் பார்க்கவும்.