காளி பெயின் கரைச் சேவகர்கள்

பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில், பியாஸ் நதிக்கு அருகாமையிலுள்ள ஈர நிலங்களின் ஊற்றுகளில் தோன்றி, கபூர்தலாவின் நெல்வயல்களுக்கும் கோதுமை வயல்களுக்கும் இடையே வளைந்தும் நெளிந்தும் ஏறக்குறைய 160 கிலோமீட்டர் சென்று, பியாஸும் சட்லெஜும் சங்கமிக்கும் ஹரிக்கேயின் அருகே பெரிய நதியில் ஐக்கியமாகும் சிற்றாறு ஒன்றுக்குக் காளி பெயின் என்று பெயர். பஞ்சாபின் ஐந்து நதிகளையும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள்கூட இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சீக்கியர்களுக்கு இதைவிடப் புனிதமான பிரவாகம் வேறு இல்லை எனலாம். சுல்தான்பூர் லோதி என்னும் ஊரில், தௌலத் கான் லோதியின் தானியக் களஞ்சியத்தில் உத்தியோகம் பார்த்து வந்த குரு நானக், நாள்தோறும் வைகறையில் நீராடியது இந்தச் சிற்றாற்றில்தான். ஒருநாள் நீராட இறங்கியவர் மூன்று நாட்கள் எவர் கண்ணுக்கும் தென்படாதிருந்து, பிறகு ஞானோதயம் பெற்றவராய்க் கரையேறினார் என்பது பரம்பரையாக வழங்கிவரும் வரலாறு. அந்தத் துறையின் அருகே பேர் சாகிப் குருத்வாரா இன்றும் நிற்கிறது.

இத்தனை மகிமை வாய்ந்த தீர்த்தம் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் சாக்கடையாகிவிட்டது. துவேஷத்தினால் எவரும் அதைச் செய்துவிடவில்லை. தசூயா, டாண்டா, கபூர்தலா முதலிய ஆறு நகரங்களும், நாற்பதுக்கு மேற்பட்ட கிராமங்களும், தத்தம் வீட்டுக் கழிவு நீரை எங்கே விடுவது என்று யோசித்தபோது, தாழ்வான இடத்தில் சித்தமாக ஓடிக்கொண்டிருந்த ஆறு கண்ணில் பட்டது. அதில் விட்டுவிட்டு அப்பால் அதை மறந்துவிட்டன. ஒவ்வோர் ஊரும் தன் அழுக்கு சொற்பம் என்றே எண்ணியிருக்கும். எல்லா ஊர்ச் சொற்பங்களும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் குரு நானக் நீராடிய துறை.

கழிவு நீர் ஆற்றை எவ்வாறு கொல்லுகிறது என்பதைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் நம்மில் பலர் துர்நாற்றத்தையும் நிறத்தையும் மட்டுமே அசுத்தத்தின் அடையாளமாகக் கொள்கிறோம். ஆரோக்கியமான ஆற்றின் ஒரு லிட்டர் நீரில் ஏழு மில்லிகிராம் அளவிற்குப் பிராணவாயு கரைந்திருக்கும். கண்ணுக்குப் புலனாகாத அந்தச் சிறு செல்வத்தைக் கொண்டே மீனும் நத்தையும் நீர்ப்பூச்சிகளும் ஜீவிக்கின்றன. மலமும் சோற்றுக்கஞ்சியும் சோப்பு நீரும் ஆற்றில் கலக்கும்போது, அவற்றைத் தின்று ஜீரணிக்கும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அவற்றுக்கும் பிராணவாயு வேண்டும். சுத்தி செய்யப்படாத ஒரு லிட்டர் சாக்கடை நீரை அவை ஜீரணிக்க 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிராணவாயு தேவைப்படுமாதலால், அந்த ஒரு லிட்டர் ஏறக்குறைய முப்பது லிட்டர் நல்ல நீரின் பிராணவாயுவைக் கபளீகரம் செய்யவல்லது. பிறகு மீன்கள் மூச்சுத் திணறி மடிவதும், பிராணவாயு இல்லாமலே வாழக்கூடிய வேறு வகை நுண்ணுயிர்கள் வந்து நீரைக் கறுப்பாக்கி நாற வைப்பதும் இயற்கையின் நியதி.

போதாக்குறைக்கு ஆகாயத் தாமரையும் வந்து சேர்ந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி சாக்கடையின் சத்தை உண்டு கொழுத்து, நீர்ப்பரப்பை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை மூடிவிடும். வெளிச்சம் உள்ளே புகாது, ஓட்டம் தளரும், வண்டல் படியும். மேல்பகுதியில் நீர் வடிய வழியின்றி விளைநிலங்கள் சதுப்பாயின. கீழ்ப்பகுதியிலோ ஓட்டமே அற்றுப்போய்க் கிணறுகள் வற்றின. ஒரே ஆற்றின் ஒரு பக்கத்துக் குடியானவன் வெள்ளத்தாலும் மறுபக்கத்துக் குடியானவன் வறட்சியாலும் துன்புற்றான்.

2000-ஆம் ஆண்டில் இந்த ஆற்றில் முதலில் இறங்கியவர் சந்த் பல்பீர் சிங் சீச்சேவால் என்னும் துறவி. ஜலந்தர் மாவட்டத்துச் சீச்சேவால் கிராமத்தைச் சேர்ந்த அவருக்குப் பொறியியல் கல்வியும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. அவரிடம் இருந்தது சீக்கிய சமூகத்தின் பழமையான மரபாகிய கர சேவை: பொதுக்காரியத்துக்காகக் கூலி வாங்காமல் கையால் உழைப்பது. அமிருதசரஸ் பொற்கோயிலின் திருக்குளத்தை 1923-இல் ஆயிரக்கணக்கானோர் இறங்கித் தூர் வாரியதும் இந்த முறையில்தான்; நம் ஊர் ஏரிகளைக் காத்த குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இதன் தன்மையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துறவியும் அவருடைய சீடர்களும் இடுப்பளவு சாக்கடையில் நின்று, ஆகாயத் தாமரையை வேரோடு இழுத்துக் கரையில் போடத் தொடங்கியதைக் கண்ட சுற்றுப்புற ஜனங்களில் சிலர் மறுநாள் தாமும் இறங்கினார்கள். நாளடைவில் கிராமம் கிராமமாக ஆட்கள் வந்தார்கள், டிராக்டர்கள் வந்தன, வீடுகளிலிருந்து ரொட்டியும் பருப்பும் வந்தன. செடிகள் அகன்றன, வண்டல் வாரப்பட்டது, படித்துறைகள் கட்டப்பட்டன, கரை நெடுகப் பாதை போட்டு மரங்கள் நட்டார்கள். தூர்ந்து கிடந்த ஊற்றுக்கண்கள் திறந்துகொண்டன. முக்கேரியன் நீர்மின் கால்வாயிலிருந்து சர்க்கார் திறந்துவிட்ட நீரும் அவற்றோடு சேர்ந்து ஓடியது.

இந்த உழைப்பைப் போற்றாதவர் யாரும் இருக்க முடியாது. எனினும் அந்தச் சேவகர்களின் மெய்யான பெருமை இதில் அடங்கிவிடவில்லை என்பது என் துணிபு. செடியைப் பிடுங்கும் காரியத்தை உற்சாகமுள்ள எந்த ஊரும் ஒரு வாரம் செய்துவிடலாம். படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியபின், மூன்றாம் மாதம் அதே செடி அதே இடத்தில் முளைத்திருக்கும். சாக்கடை வந்துகொண்டிருக்கும் வரையில் அதற்கு ஆகாரம் குறையாது. சீச்சேவாலும் அவரோடு உழைத்தவர்களும் ஆற்றை விட்டுக் கரையேறி, கழிவு நீர் புறப்படும் ஊர்களுக்கே சென்று, "இதை ஆற்றில் விடாதீர்கள்" என்று சொன்னதோடு நில்லாமல், விடாமலிருப்பதற்கு ஒரு மார்க்கத்தையும் கட்டிக் காட்டினார்கள். அதுதான் அரிய செயல்.

அந்த மார்க்கம் மிகவும் எளியது. கிராமத்து வீடுகளின் கழிவு நீரைப் பூமிக்கடியில் குழாய்கள் மூலம் ஊருக்கு வெளியே கொண்டுபோய், அடுத்தடுத்து அமைந்த கிணறு போன்ற தொட்டிகளில் சுழன்று செல்லுமாறு விடுவார்கள். மணலும் கசடும் அடியில் தங்க, எண்ணெயும் நுரையும் மேலே மிதக்க, நடுவிலுள்ள நீர் ஒரு பெரிய குளத்தை அடையும். வெயிலும் காற்றும் படும்படி அங்கே சில நாட்கள் கிடந்தபின் அந்த நீரை வயலுக்குப் பாய்ச்சுவார்கள். ஆற்றில் நஞ்சாக இருந்த சத்து வயலில் உரமாகிறது; உரச்செலவு மிச்சமாகிறது; நெல்லுக்காக ஆழ்குழாய்க் கிணறுகள் இடைவிடாமல் நீரை உறிஞ்சும் பஞ்சாபில் நிலத்தடி நீருக்கும் சிறிது ஓய்வு கிடைக்கிறது. இந்த முறையைப் பிற்காலத்தில் கங்கைக்கரைக் கிராமங்களிலும் பின்பற்ற மத்திய சர்க்கார் முன்வந்தது.

இராமேசுவரத்தில் பிறந்து இந்த நாட்டின் ஜனாதிபதியான அப்துல் கலாம், 2006 ஆகஸ்டில் சுல்தான்பூர் லோதிக்கு நேரில் சென்று அந்தச் சேவகர்களின் காரியத்தைப் பார்வையிட்டார். ராஜ்யத் தலைவர் ஒருவர் ஒரு சிற்றாற்றைக் காணச் செல்வது அடிக்கடி நிகழ்வதல்ல. டைம் பத்திரிகை 2008-இல் சீச்சேவாலைச் சுற்றுச்சூழல் வீரர்களுள் ஒருவராகக் குறிப்பிட்டது. 2017-இல் பத்மஸ்ரீ விருதும், 2022-இல் ராஜ்யசபை அங்கத்தினர் பதவியும் அவரை வந்தடைந்தன.

ஆற்றுக்கு வந்தது பூரண சுகம் என்று சொல்லிவிடலாகாது. கிராமத்தின் கழிவைக் குளத்தில் தேக்கலாம். நகரத்தின் கழிவுக்குச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், அதை ஓயாமல் இயக்க மின்சாரமும் பணமும் அக்கறையும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சாக்கடை மறுபடியும் ஆற்றில்தான் விழும். காளி பெயினில் மீன்கள் செத்து மிதந்த செய்தி சுத்தி நடந்த பிறகும் வந்ததுண்டு. தெளிந்த நீரெல்லாம் குடிநீரும் அல்ல. குளிப்பதற்குரிய ஆற்று நீரில் லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமுக்குக் குறையாமல் பிராணவாயுவும், நூறு மில்லிலிட்டரில் 500-க்கு மிகாமல் கோலிஃபார்ம் கிருமிகளும் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிப்பதற்கோ அந்த 500 என்பது 50 ஆகச் சுருங்க வேண்டும். நீரின் தன்மையைச் சோதிக்கக் கண் போதாது, கருவி வேண்டும். மீன் செத்த அன்றே அதிகாரிகளை அழைத்து மாதிரி எடுக்கச் செய்ய, கரையிலேயே வசிக்கும் மனிதர்கள் வேண்டும். நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974 முதல் இந்நாட்டில் இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்து ஆற்றை எட்டிப் பார்க்கும் வேலையைச் சட்டம் தானே செய்துகொள்வதில்லை.

அந்தச் சேவகர்கள் 2024-இல் லூதியானா நகரத்தின் புட்டா நாலாவில் இறங்கியிருக்கிறார்கள். சட்லெஜில் போய்ச் சேரும் அந்த ஓடையில் வீட்டுக் கழிவோடு மாட்டுத்தொழுவங்களின் சாணமும் சாயப்பட்டறைகளின் நீரும் கலக்கின்றன. பின்னலாடைத் தொழில் நொய்யல் ஆற்றுக்குச் செய்ததை அறிந்த நமக்கு அது எத்தகைய நீர் என்று விளக்க வேண்டியதில்லை. சாணத்தை மண்வெட்டியால் வாரலாம், செடியைக் கையால் பிடுங்கலாம். சாயத்தையும் உப்பையும் பட்டறையின் வாசலிலேயே தடுத்தாலன்றி வேறு உபாயம் இல்லை. அங்கே தடுக்கும் அதிகாரம் படைத்தவர்களை நோக்கியே இப்போது அந்தச் சேவகர்களின் குரல் எழுந்துகொண்டிருக்கிறது.