நடுவர் முன் நிறுவனச் சட்ட அதிகாரி

பாலம் கட்டும் வேலை ஓராண்டு இழுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இடத்தைத் தாமதமாகக் கொடுத்தீர்கள் என்கிறார் ஒப்பந்ததாரர்; போதிய ஆள் போடவில்லை என்கிறது நிறுவனம். ஒப்பந்தப்படி தகராறு ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. நிறுவனத்தின் சட்ட அதிகாரிக்கு அங்கே என்ன வேலை?

கறுப்பு அங்கி தேவையில்லை

இந்திய பார் கவுன்சில் விதி 49-ன்படி, முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்பவர் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவிட வேண்டும்; எனவே நீதிமன்றத்தில் வாதாட முடியாது. நடுவர் முன் அந்தக் கண்டிப்பு இல்லை. அதிகாரிகளே வழக்கை எடுத்துரைப்பதுண்டு. வெளி வழக்கறிஞரை அமர்த்தினாலும் வழக்கின் சரக்கு சட்ட அதிகாரியிடமிருந்துதான் போக வேண்டும்.

மறுவாய்ப்பு அரிது

1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 34-வது பிரிவில் தீர்ப்பை எதிர்க்கலாம். ஆனால் அது மேல்முறையீடு அல்ல; சாட்சியத்தை நீதிமன்றம் மறுபடி எடைபோடாது. நேரமும் குறைவு. நியமன அறிவிப்பு நடுவருக்குக் கிடைத்த 6 மாதத்துக்குள் கோரிக்கை மனுவும் எதிருரையும் முடிய வேண்டும்; உள்நாட்டு வழக்கில் அதன்பின் 12 மாதத்துக்குள் தீர்ப்பு. காரணமின்றி வாய்தா கேட்டால் செலவுத்தொகை தலையில் விழலாம்.

எப்படி எடுத்துரைப்பது?

நடுவர் யாரென்று முதலில் பார்க்க வேண்டும். பொறியாளர் என்றால் எம்-புக்கை, அதாவது வேலை அளவுப் பதிவேட்டை, அவரே படித்துக்கொள்வார். ஓய்வுபெற்ற நீதிபதி என்றால் விளக்க வேண்டும். அலுவலகத்தில் புழங்கும் சுருக்கப் பெயர்கள் இருவருக்குமே புரியாது.

இடம் ஒப்படைத்த நாள், வரைபடம் கொடுத்த நாள், எச்சரிக்கைக் கடிதங்கள் என ஒரே தாளில் தேதிவாரிப் பட்டியல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆவணப் பக்க எண்.

சைட் இன்ஜினீயர் இதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். மனு எழுதும் முன்பே அவரைத் தேடிப் பிடித்துப் பேசுவது நல்லது. வாக்குமூலம் அவர் பேச்சிலேயே இருக்கட்டும். சட்ட அதிகாரி எழுதிக்கொடுத்தது என்றால் குறுக்கு விசாரணையில் சாயம் வெளுத்துவிடும்.

நமக்குப் பாதகமான கடிதத்தை நாமே காட்டி விளக்கிவிட வேண்டும். எதிர்த்தரப்பு அதை எடுத்துப் போட்டால் மற்றக் கடிதங்கள் மீதும் சந்தேகம் விழும். நஷ்டக் கணக்கில் ஒவ்வொரு தொகைக்கும் பில் இருக்க வேண்டும்.

மேலிடத்திடம் ஒரு வார்த்தை

நியாயமான சமரசத்தை ஒரு தரப்பு மறுத்ததா என்பதையும் அதே சட்டத்தின் 31ஏ பிரிவின்கீழ் செலவை நிர்ணயிக்கும்போது பார்ப்பார்கள். கோப்பைப் புரட்டியதும், ‘இந்த மூன்று மாதத் தாமதம் நம்முடையதுதான்’ என்று நிர்வாக இயக்குநரின் அறையில் சொல்ல வேண்டியவர் சட்ட அதிகாரியே. அங்கே சொல்லத் தயங்கினால், நடுவர் அதைத் தீர்ப்பில் எழுதுவார்.