எத்தனை ‘நீ’!

கராத்தே வகுப்பில் பிள்ளைகள் ‘இச்சி, நி, சான், ஷி’ என்று எண்ணிக் குத்துவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஜப்பானியத்தில் ‘நி’ இரண்டு. சீனத்திலிருந்து வெகுகாலம் முன்பு போன எண் அது. கொடுத்த சீனம் மாண்டரினில் அதை ‘அர்’ என்று தேய்த்துவிட்டது. வாங்கிய ஜப்பான் பழைய ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

நம்மைத் திடுக்கிட வைப்பது சீனத்தின் இன்னொரு ‘நீ’. மாண்டரினில் அதற்குப் பொருள் நீதான்! தமிழும் மாண்டரினும் ஆட்சிமொழிகளாக இருக்கும் சிங்கப்பூரில் இரண்டு ‘நீ’யும் ஒரே தெருவில் கேட்கும். மரியாதைக்கு மாண்டரினில் ‘நின்’ என்பார்கள். நம் பழந்தமிழில் ‘நின்’ என்றால் ‘உன்’. இவ்வளவு பொருந்தினால் உறவு கொண்டாடத் தோன்றத்தான் செய்யும்.

கொண்டாடக் கூடாது. சொல்லின் சுற்றத்தை விசாரிக்க வேண்டும். நம் ‘நீ’க்குக் கன்னடத்தில் நீனு, தெலுங்கில் நீவு, பலூசிஸ்தானத்தின் பிராகூயியில் அச்சாக நீயே. சீன ‘நீ’யோ கான்டனீஸில் ‘நெய்’, ஹாங்காங்கில் பலர் வாயில் ‘லெய்’. எண்கள், உறுப்புப் பெயர்கள் என்று தேடினால் இரு மொழிகளும் முறையாக எங்கும் சேர்வதில்லை. ஒரு மெய்யும் ஓர் உயிரும் மட்டுமே உள்ள சொல் தற்செயலாக ஒத்துப்போவது எளிது. பாஸ்க் மொழியில் ‘நி’ என்றால் நான், நைஜீரியாவின் ஹௌசாவிலும் நான், வெல்ஷில் நாம்.

எனக்கு மிகவும் பிடித்தது சுவீடனின் ‘நி’. பொருள், நீங்கள். பழைய சுவீடிஷில் அது வெறும் ‘ஈ’. முன்னால் வரும் வினையின் பன்மை விகுதி ‘ன்’ என்று முடியும். ‘ஹாவென் ஈ’ என்று சேர்த்துப் பேசினார்கள். மெய்மேல் உயிர் ஏறும் என்று நம் இலக்கணம் சொல்லும் அதே புணர்ச்சிதான். பிரிக்கும்போது இடம் மாறிப் பிரித்தார்கள்: ‘ஹாவெ நி’. ஒரு தவறான பதம்பிரிப்பில் பிறந்த சொல்!

பன்மைக்குப் பிறந்த அதை ஒருவரிடம் சொன்னபோது வம்பு வந்தது. பட்டமும் பதவியும் உள்ளவரிடம் ‘டாக்டருக்குக் காபி வேண்டுமா?’ என்று படர்க்கையில்தான் கேட்க வேண்டியிருந்தது. ‘நி’ என்பது பட்டமில்லாத எளியவருக்கு. 1967இல் அரசின் மருத்துவ நிர்வாகத் துறைக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர் எல்லோரையும் ‘டூ’, அதாவது நம் ‘நீ’, என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்த வழக்கம் சில ஆண்டுகளில் நாடெங்கும் மாறியது. இப்போது கடைகளில் இளம் பணியாளர்கள் சிலர், மரியாதை என்று எண்ணி, மீண்டும் ‘நி’ போடுகிறார்கள். அந்தக் காலத்தை மறக்காத முதியவர்கள் சிலருக்கு அது சுருக்கென்று தைக்கிறது.